நரம்பை வெட்டிப் புண்ணை ஆற்றிய காலம்: வயிற்றுத் தழும்போடு வாழ்பவர்கள் அறிந்திருக்க வேண்டியவை

என் அப்பாவின் வயிற்றில் ஒரு நீண்ட தழும்பு இருந்தது. நெஞ்செலும்பு முடியும் இடத்தில் தொடங்கி நேராக இறங்கித் தொப்புளுக்குச் சற்று மேலே நிற்கும். கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள எங்கள் வயலில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வேலை செய்யும்போது, அந்தத் தழும்பைக் கண்டு கேட்காதவர்கள் இல்லை. எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "வயித்துக்குள்ள நரம்பு வெட்டினது. இனிப் புண் வராது."

சத்திரசிகிச்சை நடந்தது 1979இல், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில். மன்னாரிலிருந்து பூநகரி வழியாகப் போய், சங்குப்பிட்டியில் பாதையேறிக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். அதற்கு முந்திய ஆறேழு ஆண்டுகளாக நடுச்சாமத்தில் எழும்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்த மனிதர், திரும்பி வந்த பிறகு மூன்று நேரமும் சோறு தின்றார். வீட்டில் அது ஒரு அதிசயமாகவே பேசப்பட்டது.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சமிபாட்டுத் தொகுதியின் படத்தை எத்தனையோ தடவை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். ஆனால் அப்பா சொன்ன அந்த 'நரம்பு வெட்டினது' என்பதன் முழு அர்த்தத்தையும் 2011ஆம் ஆண்டுதான், அவர் இரத்தம் இழந்து கட்டிலில் கிடந்தபோது அறிந்துகொண்டேன். அவரைப் போன்ற தழும்போடு இன்றும் எங்கள் கிராமங்களில் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், செல்துண்டின் வலிக்கு இன்றும் குளிசை போட்டுக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அலைந்து திரியும் நரம்பு

மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடி. அவற்றில் பத்தாவது வேகஸ் நரம்பு. இலத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'அலைபவன்' என்று பொருள். மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கி, கழுத்து, இருதயம், சுவாசப்பை எல்லாவற்றுக்கும் கிளை கொடுத்துவிட்டு, உணவுக்குழாயோடு ஒட்டியபடி பிரிமென்றகட்டைத் துளைத்து வயிற்றுக்குள் வருகிறது. அங்கே அது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு தண்டுகளாக இரைப்பையைத் தழுவுகிறது.

சோற்றின் வாசனை மூக்கில் ஏறியதும், மீன்குழம்பைக் கண்ணால் கண்டதும், வாயில் எதுவும் வைக்கும் முன்னரே இரைப்பை சுரக்கத் தொடங்குவது இந்த நரம்பால்தான். ரஷ்ய அறிஞர் இவான் பவ்லொவ் இதை நாய்களில் நிறுவினார். விழுங்கிய உணவு இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியே வெளியே விழும்படி செய்தபோதும் இரைப்பை சுரந்தது; வேகஸ் நரம்பை வெட்டியபோது அந்தச் சுரப்பு நின்றது. சமிபாடு பற்றிய ஆய்வுகளுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரைப்பை நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லீற்றர் சாற்றைச் சுரக்கிறது. அதிலுள்ள ஐதரோக்குளோரிக் அமிலம் இறைச்சியையே கரைக்க வல்லது. இரைப்பையின் சொந்தச் சுவர் கரையாமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் படிந்திருக்கும் சளிப்படலமும் அதற்குள் சுரக்கும் காரமும்தான். அந்தக் காப்பு குறைந்தாலோ அமிலம் மிஞ்சினாலோ சுவரில் புண் விழுகிறது. இரைப்பையில் விழுந்தால் இரைப்பைப் புண். அதற்கு அடுத்த முன்சிறுகுடலில் விழுந்தால் முன்சிறுகுடற் புண். நாங்கள் இரண்டையும் 'அல்சர்' என்கிறோம். 'கஸ்ரிக்' என்ற சொல்லுக்குள் இதையும், சாதாரண நெஞ்செரிவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

நெய்யூரில் ஒரு மலையேறி

எங்கள் கரையிலிருந்து கடலைத் தாண்டினால் தமிழ்நாடு. அதன் தென்கோடியில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது நெய்யூர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கிருந்த மிசன் வைத்தியசாலைக்கு 1922இல் ஒரு ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். பெயர் தியோடர் ஹாவார்ட் சொமர்வெல். அந்த ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தை ஏற முயன்ற குழுவில் இருந்தவர். 1924இலும் மீண்டும் ஏறியவர். திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்க்க வந்தவர், நோயாளிகள் வரிசையாகக் காத்திருக்க ஒரேயொரு சத்திரசிகிச்சை நிபுணர் தத்தளிப்பதைக் கண்டு, இங்கிலாந்தில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே தங்க முடிவெடுத்தார்.

இவர் போரைப் பார்த்தவர். 1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில், காயப்பட்டவர்கள் வெட்டவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை படுத்துக் கிடக்க, யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் கத்தி பிடித்தவர். அந்த அனுபவம் அவரைப் போருக்கு எதிரானவராக மாற்றியது. எங்கள் மக்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நெய்யூரில் அவரிடம் வந்த வயிற்று நோயாளிகளில் மிகப் பலருக்கு இருந்தது முன்சிறுகுடற் புண். ஆண்டுக்கணக்காக ஆறியும் விழுந்தும், தழும்பு இறுகி, இரைப்பையின் வாசலே அடைபட்டுப் போன நிலையில் வந்தார்கள். உண்டதெல்லாம் வாந்தியாகும், உடம்பு எலும்பாகும். சொமர்வெல் செய்தது, அடைபட்ட வாசலை விட்டுவிட்டு இரைப்பையின் பக்கத்தில் வேறொரு வாசல் திறந்து சிறுகுடலோடு நேரடியாகத் தைப்பது. இந்தச் சத்திரசிகிச்சையை மிகப் பெருந்தொகையானோருக்கு அவர் செய்தார். 1936இல் தன் அனுபவத்தைப் பிரித்தானிய சத்திரசிகிச்சைச் சஞ்சிகையில் வெளியிட்டார். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படிப்பித்தார்.

ஏன் தென்னிந்தியாவில் மட்டும் இவ்வளவு என்ற கேள்வி அன்று பெரிதாக எழுந்தது. மரவள்ளியும் அரிசியும் உறைப்பும் கூடி, மற்றச் சத்துகள் குறைந்த ஏழைகளின் உணவே காரணம் என்ற கருத்து வலுவாக இருந்தது. முழு விடை கிடைக்க இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது.

நரம்பில் வைத்த கத்தி

புதிய வாசல் திறந்தாலும் அமிலம் குறையவில்லை. இரைப்பையின் பெரும்பகுதியை அறுத்தெடுத்தால் அமிலம் குறையும். ஆனால் அது பெரிய சத்திரசிகிச்சை, உயிராபத்தும் அதிகம். அப்படியானால் சுரக்கச் சொல்லிக் கட்டளையிடும் நரம்பையே வெட்டினால் என்ன? 1920களில் பிரான்சின் லியோன் நகரில் அந்த்ரே லதார்ஜே இதை முயன்றார். ஆனால் இதை உலகம் ஏற்கும் சிகிச்சையாக்கியவர் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ்ரர் ட்ராக்ஸ்ரெட். 1943 ஜனவரியில் முன்சிறுகுடற் புண் நோயாளி ஒருவருக்கு, நெஞ்சு வழியாகப் போய் இரண்டு வேகஸ் தண்டுகளையும் வெட்டினார். இதுவே 'வேகொட்டமி' எனப்படும் நரம்பறுப்பு.

புண் ஆறியது. ஆனால் புதிய சிக்கல் வந்தது. சுரக்கச் சொல்லும் அதே நரம்புதான் இரைப்பையை அசையவும் சொல்கிறது. தண்டையே வெட்டியதால் இரைப்பை சோர்ந்து, உணவு அதற்குள்ளேயே தேங்கியது. ஆகவே நரம்பை வெட்டுவதோடு வடிகால் ஒன்றும் செய்ய வேண்டியிருந்தது. இரைப்பையின் கீழ்வாசலை அகலமாக்கித் தைப்பது ஒரு முறை. சொமர்வெல் செய்ததுபோல இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது மற்ற முறை. என் அப்பாவுக்குச் செய்தது இந்த இரண்டாவது.

1970ஐ ஒட்டி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலும் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரிலும் இன்னும் நுட்பமான முறை வந்தது. அமிலம் சுரக்கும் பகுதிக்குப் போகும் சிறு கிளைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டி, கீழ்ப்பகுதியை அசைக்கும் கிளைகளை விட்டுவிடுவது. விடப்படும் அந்தக் கிளைகள் விரிந்திருக்கும் தோற்றத்தைப் பார்த்து அதைக் 'காகத்தின் கால்' என்று சத்திரசிகிச்சை நிபுணர்கள் அழைக்கிறார்கள். இதில் வடிகால் தேவையில்லை, பக்கவிளைவு குறைவு. ஆனால் மிகுந்த கைத்திறன் வேண்டும். புண் திரும்பி வரும் வாய்ப்பும் கூடுதல்.

கத்தியை ஓய்வு பெற வைத்த குளிசையும் கிருமியும்

அமிலச் சுரப்பைக் குளிசையால் குறைக்க முடியும் என்று பிரித்தானியாவின் ஜேம்ஸ் பிளக் காட்டினார். 1976இல் சிமெற்றிடின் பாவனைக்கு வந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் அதைவிட வலுவான ஒமெப்பிரசோல் வந்தது. இன்று கிளினிக்கில் சாப்பாட்டுக்கு முன் போடச் சொல்லித் தரும் குளிசை பெரும்பாலும் இதுதான்.

பெரிய திருப்பம் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் நிகழ்ந்தது. ரொபின் வொரன், பரி மார்ஷல் ஆகிய இருவரும் புண் நோயாளிகளின் இரைப்பையில் சுருள் வடிவப் பற்றீரியா ஒன்றைக் கண்டார்கள். அமிலத்தில் கிருமி வாழாது என்பதே அன்றைய பாடம். 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் ஆய்வுகூடத்தில் வழமையைவிடக் கூடுதல் நாள் விடப்பட்ட தட்டுகளில் அந்தக் கிருமி வளர்ந்தது. யாரும் நம்பாதபோது, 1984இல் மார்ஷல் தானே அந்தக் கிருமியைக் கரைத்துக் குடித்துத் தன் இரைப்பையை அழற்சிக்குள்ளாக்கிக் காட்டினார். அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபக்ரர் பைலோரி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இதன் பிறகு, ஆயுள் முழுக்க வருத்தும் நோய் என்று கருதப்பட்டது இரண்டு கிழமை மருந்தால் மாறக்கூடியதாயிற்று. பொதுவாக ஒமெப்பிரசோல் போன்ற ஒன்றோடு அமொக்சிசிலின், கிளரித்ரோமைசின் என இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள் கொடுக்கப்படுகின்றன. நான்காம் நாளே சுகமாகிவிட்டது என்று நிறுத்துபவர்களில் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. கொடுத்த நாள் முழுக்கப் போட்டு முடிக்க வேண்டும்.

நரம்பறுப்பு இன்று மிக அரிதாகவே செய்யப்படுகிறது. புண் துளைத்துவிட்டால்கூடத் துளையை அடைத்துத் தைத்து, பிறகு மருந்தால் கிருமியைக் கொல்வதே வழமை.

போரும் வயிறும்

கவலையால் அல்சர் வரும் என்று நாங்கள் சொல்வது முழுப் பிழையா? இல்லை. 1940, 1941இல் லண்டன் மீது கடும் குண்டுவீச்சு நடந்த மாதங்களில், புண் துளைத்து வைத்தியசாலைக்கு வந்தோர் தொகை கூடியதை அங்குள்ள வைத்தியர்கள் கணக்கெடுத்து 1942இல் வெளியிட்டார்கள். கிருமியோ மருந்தோ வழிவகுத்த புண்ணை அச்சமும் பசியும் தூக்கமின்மையும் புகைப்பழக்கமும் மோசமாக்குகின்றன. பங்கருக்குள் கிடந்து, நேரத்துக்குச் சாப்பிடாமல், கிடைத்த தண்ணீரைக் குடித்து வாழ்ந்த எங்களுக்கு அந்தக் கணக்கு புதினமல்ல.

ஆனால் போர் விட்டுச்சென்ற இன்னொரு காரணம் இன்றும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. அது வலிக் குளிசை.

2008இல் அடம்பனை விட்டு வெளிக்கிட்டபோது அப்பாவின் 1979ஆம் ஆண்டு வைத்தியசாலைத் துண்டு ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. வெள்ளாங்குளம், முழங்காவில், கிளிநொச்சி, விசுவமடு என்று போகப் போகச் சாமான்கள் குறைந்தன. அந்தப் பெட்டி எந்த இடத்தில் விடுபட்டது என்று எங்களுக்குத் தெரியாது. 2009இன் தொடக்கத்தில் அப்பாவின் தோளில் செல்துண்டு ஒன்று ஏறியது. அதை எடுக்கவில்லை. செட்டிகுளம் முகாம் வாழ்க்கை முடிந்து ஊர் திரும்பிய பிறகும் குளிர் காலத்தில் தோள் குத்தும். பாமசியில் டைக்ளோபெனாக் வாங்கி வந்து கொடுத்தவன் நான்தான். கேட்டால் தருவார்கள்; துண்டு தேவைப்படவில்லை. "வயித்துக்குக் கூடாதாம் அப்பா" என்று ஒருமுறை சொன்னேன். "எனக்குத்தான் நரம்பு வெட்டியாச்சேடா" என்றார். நானும் பிறகு பேசவில்லை.

டைக்ளோபெனாக், ஐபுப்ரொபென், அஸ்பிரின் போன்றவை இரைப்பைச் சுவரைக் காக்கும் சளியையும் காரத்தையும் உண்டாக்கும் வேதிப்பொருளையே நிறுத்திவிடுகின்றன. ஆகவே அமிலம் குறைவாக இருந்தாலும் புண் விழலாம். ஊசியாகப் போட்டாலும் பின்பக்கமாக வைத்தாலும் இதே கெடுதிதான். ஏனென்றால் மருந்து இரத்தத்தின் வழியாகவே இரைப்பையைச் சேர்கிறது. முதியவர்களில் இந்தப் புண் நோவே இல்லாமல் இருந்து, இரத்தம் பெருகும்போதுதான் தெரியவரும்.

அப்பாவுக்கும் அப்படித்தான். உடம்பு வெளிறியது. குருதிச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள். மலம் கறுப்பாகப் போனது. இரும்புக் குளிசை போட்டால் மலம் கறுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நான் பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் அது தார்போல ஒட்டியதையும், பொறுக்க முடியாத நாற்றத்தையும் நான் கணக்கெடுக்கவில்லை. ஒருநாள் காலையில் கிணற்றடியில் மயங்கி விழுந்தார்.

வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றினார்கள். தழும்பைப் பார்த்த வைத்தியர் தமிழ் தெரியாதவர். "என்ன சத்திரசிகிச்சை?" என்று மொழிபெயர்ப்பவர் மூலம் கேட்டார். அப்பா "நரம்பு வெட்டினது" என்றார். அது அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ, கையையும் காலையும் அசைக்கச் சொல்லிப் பார்த்தார். இரைப்பையில் வெட்டினார்களா, குடலோடு இணைத்தார்களா என்று கேட்டபோது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கமராக் குழாய் விட்டுப் பார்த்த பிறகே இரைப்பையும் சிறுகுடலும் இணைக்கப்பட்டிருப்பதும், அந்த இணைப்பின் ஓரத்தில் புண் இருப்பதும் தெரிந்தன. குழாய் வழியாகவே இரத்தத்தை நிறுத்தினார்கள். அப்பா தப்பினார்.

பழைய தழும்பு உள்ளவர்களுக்கு

இத்தகைய சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, குருதிச்சோகை. இரும்புச்சத்து உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை உணவு தாண்டிப் போவதாலும், அமிலம் குறைவதாலும் இரும்புச்சத்து சேர்வது குறைகிறது. விற்றமின் பீ 12உம் குறையலாம். அப்போது களைப்போடு கால் விறைப்பும் மறதியும் வரலாம். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் அறியலாம், மருந்தும் உண்டு.

இரண்டாவது, சாப்பிட்டு அரை மணிநேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு பொருமி, வெளிக்குப் போவது. இனிப்பான உணவு வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்குவதால் இது நேர்கிறது. சிறிது சிறிதாகப் பல தடவை சாப்பிடுவதும், சீனியைக் குறைப்பதும், சோற்றோடு தண்ணீர் குடிக்காமல் இடைவெளி விட்டுக் குடிப்பதும் உதவும். பலகாரம் தின்றதும் அப்பா ஏன் போய்ச் சரிவார் என்பது எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது.

மூன்றாவது, நரம்பை வெட்டியவருக்கும் புண் திரும்ப வரும். தண்டை வெட்டி வடிகால் செய்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு அது திரும்பியதாகப் பழைய கணக்குகள் உண்டு.

எல்லோரும் அறிய வேண்டியவை

மலம் தார்போலக் கறுத்து நாறுதல், இரத்தமாகவோ கோப்பித்தூள் கலந்ததுபோலவோ வாந்தி, திடீரென்று கத்தியால் குத்தியதுபோல் நோவு வந்து வயிறு பலகைபோல் இறுகுதல் என்பவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். காரணமில்லாமல் உடம்பு மெலிவதும், விழுங்கும்போது தடக்குவதும் கமராப் பரிசோதனை தேவை என்பதற்கான அறிகுறிகள்.

நாட்பட்ட வலி உள்ளவர்கள் முதலில் பரசிற்றமோலைப் பாவித்துப் பார்க்கலாம். அது இரைப்பையைப் புண்ணாக்குவதில்லை. ஆனால் வளர்ந்தவர் ஒருவர் 500 மில்லிகிராம் குளிசையை ஒரு நாளில் எட்டுக்கு மேல் போடக் கூடாது. மது அருந்துபவர்களும் ஈரல் நோயாளிகளும் இன்னும் குறைவாகவே போட வேண்டும். வேறு வலிக் குளிசை தேவைப்பட்டால், இரைப்பையைக் காக்கும் மருந்தும் சேர்த்துத் தர வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இருதயத்துக்காகக் கொடுத்த அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உறைப்பு அல்சரை உண்டாக்குவதில்லை. இருக்கும் எரிவைக் கூட்டலாம். பால் கொஞ்ச நேரம் ஆற்றினாலும், பிறகு அமிலத்தைச் சுரக்கவே செய்யும். புகைப்பது புண் ஆறுவதைத் தாமதிக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் வயிற்றுத் தழும்போடு ஒரு முதியவர் இருந்தால் இன்றே அவரோடு இருந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த வைத்தியசாலை, ஏன் வெட்டினார்கள், உடம்பில் செல்துண்டு எங்கே இருக்கிறது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கைபேசியில் படமெடுத்து வெளியூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கும் அனுப்பி வையுங்கள். பெட்டி தொலைந்தாலும் விபரம் தொலையாது.

அப்பாவுக்கு அந்தத் தாளை 2011இல் வைத்தியர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்று மொழியிலும் எழுதுவித்து, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டையோடு வைத்தோம். அதன் பிறகு அவர் ஏழு ஆண்டுகள் இருந்தார். யாராவது தழும்பைப் பற்றிக் கேட்டால் கதை சொல்லாமல் அந்தத் தாளை எடுத்து நீட்டுவார்.